வலிக்குதான்னு கேக்கப் படிச்ச மகளுக்கு

வெண்ணிலா,

கோவத்த கொஞ்ச நேரம் ஓரமா வெச்சிட்டு இத முழுசா படி. பாதியில நிறுத்திட்டு அப்பாவுக்கு போன் போடாத, நான் இத எழுதறது அவருக்குத் தெரியாது. போன ஞாயித்துக்கெழம அவரு என்ன முதுகுல சொமந்துக்கினு டவர் பாறைக்கு ஏறி உக்கார வெச்சாரு. வூட்டுக்குள்ள சிக்னல் இல்லாத ஊருல வாக்கப்பட்டதுக்கு, பெத்த பொண்ணு கூட பேசணும்னாலும் பாறை ஏறித்தான் ஆவணும். நீ எடுத்ததும் அழுத. அப்புறம் கேட்ட, "எம்மா, நான் கெளம்பி வரட்டுமா?"ன்னு. வேணாம்னேன். திரும்பவும் கேட்ட. நான் கத்துனேன். வந்தீன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னேன், நீ போன வெச்சிட்ட. உங்கப்பா பக்கத்துலயே நின்னு மூச்சு வாங்கிக்கினு இருந்தாரு. என்ன தூக்கிக்கினு வந்த மனுசன் மூஞ்சிய பாத்துக்கினு எனக்கு வேற பதில் வாயில வரல. நீ கேட்டதுக்கு நான் இன்னும் சரியா பதில் சொல்லல. அதுக்குத்தான் இந்தக் காயிதம்.

போன்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானன்னு நீ கேப்ப. பாறையில பேசறது ஊருக்கே கேக்கும். அதுவும் இல்லாம, மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் தலை தெளிவா இருக்குது, அப்புறம் எங்கியோ இழுத்துக்கினு போயிடுது. காயிதம்னா விட்டு விட்டு எழுதலாம். இத ராணி அத்தை போட்டோ புடிச்சு பாறையிலருந்து உனக்கு அனுப்பிடுவா. அவ என்கூட ஹாஸ்டல்ல எட்டாவது வரைக்கும் படிச்சவதான், ஆனா நாலு வரிக்கு மேல படிக்கிறதுக்கு அவளுக்கு சோம்பேறித்தனம், அதனால பயமில்ல. எழுத்து கோணையா இருந்தா திட்டாத. கெழங்கு மூட்டையில சாஞ்சிக்கினு எழுதறேன்.

எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சேன். உன் ஸ்பானிஷ்லருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாம் அதுலதான் ஆரம்பிச்சுது. கள்ளக்குறிச்சியில நர்சு வேலைய விட்டுட்டு நீ மலைக்கு வந்து நின்னப்ப எனக்கு பகீர்னு ஆச்சு. ஸ்பெயினு தேசத்துல வயசானவங்கள வூட்டோட இருந்து பாத்துக்குற வேலை, சேலத்துல ஆபீசு இருக்குது, போன்லயே பாடம் நடத்துவாங்க, பரீட்சை பாஸ் பண்ணா டிக்கெட்டுன்னு சொன்ன. உங்கப்பா "ஸ்பெயினு எந்தப் பக்கம்?"னு கேட்டாரு. நீ கையக் காட்டுன. அவரு அந்தப் பக்கம் திரும்பி கச்சிராயபாளையம் ரோட்ட பாத்தாரு. அன்னிக்கு சிரிச்சோம்.

மொத வாரத்துலயே நீ தலைய புடிச்சிக்கினு குந்திட்ட. "எம்மா, இலக்கணம் எல்லாம் அப்புறமாம். வாயத் தொறந்து பேசணும்னா மொதல்ல வினைச்சொல்லு வேணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. சாப்புடு, தூங்கு, எழுந்திரு, குடி, போ, வா. இது மனப்பாடமா இருந்தா மீதிய கையக் காலக் காட்டி சமாளிச்சுக்கலாமாம். எனக்கு ஒண்ணுமே மண்டையில நிக்கலம்மா"ன்னு சொன்ன. "குந்திக்கினு படிச்சா எப்பிடி நிக்கும், கெழங்குக் காட்டுக்கு வா"ன்னு உன்ன இழுத்துக்கினு போனேன். மரவள்ளிக்கு களை வெட்டற நேரம் அது. பொம்பளைங்க வரிசை புடிச்சு வெட்டறதுல உன்ன நடுவுல நிக்க வெச்சோம். ஒரு சொல்லு சொல்லணும், நாங்க திருப்பிச் சொல்லணும், அப்புறம்தான் எல்லாரும் ஒரு அடி முன்னால நவுரணும். நீ தப்பா சொன்னா வரிசையே நிக்கும். வரிசை நின்னா ராணி கத்துவா. அந்த பயத்துலயே உனக்கு சொல்லு நிக்க ஆரம்பிச்சுது.

அப்புறம் நீயே ஒரு வேலை பண்ண. ஊருல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொல்ல பேரா வெச்ச. ராணி அத்தை வாய் எந்நேரமும் அரைச்சிக்கினே இருக்கும், அவளுக்கு கோமெர், சாப்புடறது. உங்கப்பா உக்காந்த எடத்துல தூங்கற ஆளு, அவருக்கு தோர்மீர். "எனக்கு இன்னா பேரும்மா வெச்சிருக்க?"ன்னு அவரு கேட்டா, "ராசா மாதிரி பேருப்பா"ன்னு சொல்லுவ. ஓயாம கத்தற நம்ம கருப்பு ஆட்டுக்கு அப்லார், பேசறது. எனக்கு த்ரபஹார், வேலை செய்யறது. "ஏண்டி, உலகத்துல இருக்கிற சொல்லுல எனக்குன்னு பாத்து இதத்தான் எடுத்தியா"ன்னு கேட்டேன். "நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லியேம்மா"ன்ன. போறதுக்கு ஈர்னு சொன்னப்ப ராணி சிரிச்சு சிரிச்சு களைக்கொத்த கீழ போட்டுட்டா. "ஈரு போனா நல்லதுதான், என் தலையில ஜாஸ்தியா கீது"ன்னா. அத வெள்ளிமலை பஸ்ஸுக்கு வெச்சோம். சாயங்காலம் பஸ்ஸு ஆரன் அடிச்சா காட்டுல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் "ஈர் வந்துடுச்சு, வூட்டுக்குப் போலாம்"னு சொல்ற அளவுக்கு ஆயிப்போச்சு.

ரெண்டு சொல்லு மட்டும் ஆருக்கும் வெக்கல. உனக்கு ஞாபகம் இருக்குதா? ஒண்ணு துவெலே, வலிக்குதுன்னு சொல்றது. "இத ஆருக்கு வெக்கப்போற?"ன்னு நான்தான் கேட்டேன். "சீ, இத ஆருக்காவது வெப்பாங்களா, வாயக் கழுவு"ன்ன. இன்னொண்ணு வெனீர், வர்றது. இந்த ஊருக்கு எவ வர்றா, எல்லாம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போறவங்கதான்னு ராணி சொன்னா. நீ, "அத எனக்கு எடுத்து வைங்க. நான் திரும்பி வந்ததும் அந்தப் பேரு எனக்கு"ன்னு சொன்ன. நான் மண்ணக் கொத்திக்கினே இருந்தேன்.

அப்பவே எனக்கு அடிவயித்துல இருந்துச்சு. தூரம் நின்னு வருசக்கணக்கு ஆனவளுக்கு திரும்பவும் ரத்தம் பட்டுச்சு. இடுப்பு கழண்டு போற மாதிரி ஒரு நோவு, களை வெட்டக் குனிஞ்சா நிமிர முடியாது. நர்சு படிச்ச பொண்ண பக்கத்துலயே வெச்சிக்கினு ஏன் சொல்லலன்னு அன்னிக்கு போன்ல கேட்டியே, அதுக்கு நான் பேச்ச மாத்திட்டேன். இப்ப சொல்றேன், கேளு. நீ பொறந்ததுக்கு அப்புறம் கொஞ்ச நாள்லயே ரோடு வந்துடுச்சு, அதனால உனக்குத் தெரியாது. எங்களுக்கெல்லாம் வலின்னு ஒருத்தி வாயத் தொறந்தா நாலு ஆம்பளைங்க வேலைய விட்டுட்டு ஓடியாரணும். போர்வைய மூங்கில்ல தூளி கட்டி, அதுல படுக்க வெச்சு, அடிவாரம் வரைக்கும் தோள்ல தூக்கிக்கினு போவணும். அப்பிடித்தான் நீ வயித்துல இருக்கும்போது என்னத் தூக்கிக்கினு போனாங்க. நல்ல மழை. நான் தூளிக்குள்ள கத்த கத்த அவங்க வேகமா நடந்தாங்க. நான் இன்னொருக்கா கத்துனேன், முன்னால தூக்கினவரு அவசரமா கால் வெச்சு பாறையில வழுக்கி வுழுந்துட்டாரு. முட்டி போச்சு. உனக்குத் தெரியும் அந்த ஆள, மேலத்தெருவுல கால இழுத்து இழுத்து நடக்கிறாரே, அவருதான். இன்னி வரைக்கும் எதிர்ல வந்தா நான் ஓரமா ஒதுங்கிக்குவேன். நடக்க முடியற வரைக்கும் வலி இல்லன்னுதான் எங்களுக்கு கணக்கு. ஜீப்பு வந்துடுச்சு, ஆம்புலன்ஸு வந்துடுச்சு, ஆனா அந்தக் கணக்கு மட்டும் எங்க ஒடம்ப விட்டுப் போவல.

அப்புறம் அந்த வீடியோ. பரீட்சைக்கு, படுத்த படுக்கையா இருக்கிற ஒருத்தர எப்பிடி புரட்டறது, எப்பிடி பேசறதுன்னு வீடியோ எடுத்து அனுப்பணும்னு சொன்ன. நான் நோயாளி. பாயில படுத்தேன். ராணி போன புடிச்சிக்கினு நின்னா. நீ தலைய வாரி, வெள்ளக் கோட்டு போட்டுக்கினு வந்து என் பக்கத்துல மண்டி போட்ட. என் தோளப் புடிச்சு பக்கவாட்டுல புரட்டுன. எங்க கத்துக்கினியோ, அவ்ளோ பதமா புரட்டுன. "லே துவெலே?"ன்னு கேட்ட. எனக்குத் தெரிஞ்சு என் வாழ்க்கையில ஒருத்தரு என்ன அப்பிடி நின்னு நிதானமா வலிக்குதான்னு கேட்டது அதுதான் மொத தடவை. நான் "சி"ன்னேன், ஆமான்னு. "மே துவெலே. மே துவெலே முச்சோ"ன்னேன். ரொம்ப வலிக்குதுன்னு. நீ "எங்க?"ன்னு அந்த பாஷையில கேட்ட. நான் உன் கைய எடுத்து அடிவயித்துல, எங்க நோவுதோ சரியா அந்த எடத்துல வெச்சு, "அக்கீ"ன்னேன். இங்கதான்.

நீ கண்ணு விரிய சிரிச்ச. "எம்மா, செம்மயா பண்ற! மூஞ்சியப் பாரு, நடிக்கிற மாதிரியே இல்ல"ன்ன. அதுக்குள்ள கருப்பு ஆடு உள்ள பூந்து போனுக்கு முன்னால வந்து நின்னுச்சு. ராணி அத தொரத்துனா. திரும்பவும் முதல்லருந்து எடுக்கணும்னு சொன்ன. நான் திரும்பவும் படுத்தேன், நீ திரும்பவும் கேட்ட, நான் திரும்பவும் அதையே சொன்னேன். உன் கை சூடா இருந்துச்சு வெண்ணிலா. அது அங்கயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு இருந்துச்சு. நீ எழுந்து போய் வீடியோவ அனுப்பிட்ட. டீச்சரு உன்ன பாராட்டுனாங்க, அந்த அம்மா யாருன்னு கேட்டாங்கன்னு பெருமையா வந்து சொன்ன.

நீ கெளம்பின அன்னிக்கு நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் வந்தேன். மெட்ராஸ் வரைக்கும் வர்றதுக்கு இஷ்டம் இல்லாம இல்ல, உக்கார முடியல. காட்டுல வேலை இருக்குதுன்னு சொன்னேன். "வேலை, வேலை, த்ரபஹார்"னு நீ என் கன்னத்தக் கிள்ளுன. நீ போன ரெண்டாவது மாசம் நான் கெழங்குக் காட்டுல வுழுந்துட்டேன். ஜீப்புல கள்ளக்குறிச்சி, அங்கருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பப்பையில கேன்சரு, வெளியில பரவிடுச்சுன்னு சொன்னாங்க. ரேடியேஷன்னு கரண்டு வெச்சாங்க. நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக்கினு, மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கேன், போன்ல சார்ஜ் இல்லன்னு உங்கப்பாவ உனக்குச் சொல்லச் சொன்னேன். உங்கப்பாவுக்கு பொய் சொல்ல வராது. ஒவ்வொரு தடவையும் எழுதிவெச்சத படிக்கிற மாதிரி ஒரே சொல்ல சொல்லுவாரு. நீயும் நம்புன. கடைசியா அந்த டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், என் கைய புடிச்சிக்கினு, "இனிமே வூட்டுலயே வெச்சு பாத்துக்கோங்கம்மா, வலிக்கு மாத்திரை தர்றோம்"னு சொல்லிச்சு. அதுக்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியாதா இன்னா. உங்கப்பா வெளிய போய் டீ வாங்கிக்கினு வந்தாரு. ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு பஸ் ஏறுனோம்.

அப்ப எனக்கு நடை இருந்துச்சு. மெதுவா பாறைக்கு ஏறி உன்கிட்ட வீடியோவுல பேசுவேன். நீ பாத்துக்குற பிலார் அம்மாவ காட்டுவ. பாவம், எலும்பும் தோலுமா தலையாணையில சாஞ்சிக்கினு, உதட்டுக்கு மட்டும் செவப்பு பூசிக்கினு இருப்பாங்க. "கோமெர்?"னு நான் கேப்பேன், சாப்டீங்களான்னு. அவங்க மூஞ்சிய சுளிப்பாங்க, உன் சமையல் புடிக்கலன்னு. "தோர்மீர்?"னு கேப்பேன். கைய ஆட்டுவாங்க, தூக்கம் கம்மின்னு. சாப்புடு, தூங்கு, குடின்னு அவ்ளோதான் எங்க பேச்சு. அதுக்கு மேல ரெண்டு கெழவிங்களுக்கு இன்னா பேச்சு வேணும். ஒருநாள் அவங்க பொண்ணப் பத்தி கேட்டேன். நீதான் எனக்கு அந்தச் சொல்லச் சொல்லிக் குடுத்த. அவங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கினு "நோ வியெனெ"ன்னாங்க. வர்றதில்ல. பக்கத்து ஊருலதான் இருக்காளாம், கார் இருக்குதாம். வான்னு நீங்க கூப்ட்டீங்களான்னு அவங்கள கேக்கணும்னு எனக்கு வாய் துடிச்சுது, ஆனா அதுக்கு என்கிட்ட சொல்லு இல்ல.

அன்னிக்கு, உனக்கு எல்லாம் தெரிஞ்ச அன்னிக்கு, நீ அவங்களுக்கு சூப்பு எடுக்க உள்ள போன. போன அவங்க கையில குடுத்துட்டுப் போன. நான் பாறையில தனியா குந்திக்கினு இருந்தேன். நீ போனதும் நான் மூஞ்சிய கொஞ்சம் விட்டுட்டேன் போல இருக்குது. எவ்ளோ நேரம்தான் புடிச்சி வெக்கிறது. அவங்க உத்துப் பாத்தாங்க. அப்புறம் அந்த நடுங்கற குரல்ல கேட்டாங்க, "லே துவெலே?"ன்னு. தமிழ்ல கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன் வெண்ணிலா. சும்மா வாயுப் புடிப்புன்னு சொல்லியிருப்பேன், ராத்திரி தூக்கம் இல்லன்னு சொல்லியிருப்பேன், வெயிலுன்னு சொல்லியிருப்பேன். தமிழ்ல பொய் சொல்ல எனக்கு ஆயிரம் சொல்லு இருக்குது. நீ சொல்லிக் குடுத்த பாஷையில பொய்க்கு ஒரு சொல்லும் இல்ல. "சி"ன்னேன். "மே துவெலே முச்சோ"ன்னேன். வயித்துல கை வெச்சு காட்டுனேன். அந்தம்மா போனுக்குள்ளருந்தே கைய நீட்டி என்னத் தொடப் பாத்தாங்க. நீ சூப்போட வந்தப்ப அவங்க கண்ணு நெறஞ்சு போய் கெடந்துச்சு. அவங்க உன்கிட்ட இன்னா சொன்னாங்கன்னு எனக்குப் புரியல, உன் மூஞ்சியப் பாத்து புரிஞ்சுக்கினேன்.

அன்னிலருந்து அந்த பரீட்சை வீடியோவ போட்டுப் போட்டு பாக்குறியாமே. ராணிகிட்ட சொல்லி அழுதியாமே. "எங்கம்மா என் கைய எடுத்து அங்க வெச்சா, நான் நல்லா நடிக்கிறன்னு சொன்னேன்"னு. அடியே, நல்லா கேட்டுக்கோ. அதுல உன் தப்பு ஒரு துளி இல்ல. நீ கண்டுபுடிக்கணும்னு நான் அத சொல்லல. கண்டுபுடிக்க மாட்டன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். ஒருத்தர்கிட்ட சொல்லியும் ஆவணும், சொன்னது தெரியவும் கூடாதுன்னா வேற எங்கதான் போறது. அன்னிக்கு அத வாய்விட்டு சொன்னதுல எனக்கு எவ்ளோ லேசா இருந்துச்சு தெரியுமா? அந்த சாயங்காலம் நான் தெம்பா எழுந்து களி கிண்டுனேன், நீ ரெண்டு தடவை வாங்கித் தின்ன. அந்த வீடியோவ அழிக்கணும்னா அழி, வெச்சிக்கணும்னா வெச்சிக்கோ. ஆனா அதப் பாத்து உன்ன நீயே அடிச்சிக்காத. எனக்கு கோவம் வரும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது புத்திமதின்னே வெச்சிக்கோ. நாளைக்கு உனக்கு ஒரு வூடு, ஒரு புருசன், புள்ளைங்கன்னு ஆவும். ஒடம்புல எது நோவுனாலும் மொத நாளே சொல்லு. எவன் வேலை கெடுதுன்னு பாக்காத. எவனாவது மூஞ்சிய தூக்குனான்னா தூக்கட்டும். பொறுத்துக்குற பொம்பளன்னு ஊரு எனக்கு நல்ல பேரு குடுத்துச்சு. அந்தப் பேர வெச்சிக்கினு இப்ப நான் இன்னா பண்றது, மாத்திரைக்கு தொட்டுக்கிறதா?

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்கப்பா இன்னா சொல்றாருன்னு உனக்குத் தெரியணும். அவரு கல்லு மனசுக்காரரு இல்ல. "அவ இப்ப வந்துட்டா அந்த வேலை போயிடும். ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னால கெளம்பினா திரும்ப அனுப்ப மாட்டோம்னு சேலத்துக்காரங்க சொல்லிட்டாங்க. அப்புறம் இந்த மலையில கெழங்கு புடுங்கிக்கினு உன்ன மாதிரியே கெடக்கணும். நீ போயிடுவ, அவ இருக்கணும். யாருக்காவ யோசிக்கிற?"ன்னு கேட்டாரு. நியாயமாத்தான் கேட்டாரு. நானும் அதத்தான் நெனச்சேன். அதனாலதான் பாறையில அப்பிடி கத்துனேன். என் புள்ள ஏறிட்டா, நான் கீழ இழுக்கக் கூடாதுன்னு. அந்த பதில்ல எனக்கு ஒரு பெருமை கூட இருந்துச்சு. வூட்டுக்கு வந்து ராணிகிட்ட சொல்லி, "பாத்தியா, எப்பிடி உறுதியா சொல்லிட்டேன்"னு பீத்திக்கினேன்.

ராணி என்னப் புரட்டிப் போட்டு துணி மாத்துனா. அவ நல்லவ. ஆனா அவளுக்கு புரட்டத் தெரியாது, இடுப்ப புடிச்சு இழுத்துடறா, உயிர் போயி உயிர் வருது. உங்கப்பாவுக்கு என்னத் தொடவே பயம். வலிக்குதான்னு ரெண்டு பேரும் கேக்கறதில்ல. வலிக்குதுன்னு தெரியுமே, அப்புறம் எதுக்கு கேக்கறதுன்னு இருக்காங்க. நேத்து வெள்ளிமலை பஸ்ஸு ஆரன் அடிச்சுது. ராணி வாசல்லருந்து "ஈர் வந்துடுச்சு"ன்னு பழக்கத்துல சொல்லிட்டு, டக்குனு வாய மூடிக்கினா. அப்பதான் எனக்கு பிலார் அம்மா ஞாபகம் வந்துச்சு. கூப்புடற தூரத்துல பொண்ண வெச்சிக்கினு, நோ வியெனெ, நோ வியெனென்னு ஜன்னல பாத்துக்கினு கெடக்காங்களே. அவங்களும் என்ன மாதிரி ஒருநாள் கத்தியிருப்பாங்களோ, வராதன்னு? அந்தப் பொண்ணும் உன்ன மாதிரி அத நம்பிட்டு இருக்குதோ?

அதனால நீ ஒரு வேலை பண்ணு. அவங்க பொண்ணுக்கு மொதல்ல போன் போடு. உங்கம்மா எதிர்பாத்துக்கினு இருக்காங்கன்னு சொல்லு. அந்த பாஷையில உனக்குத்தான் இப்ப எல்லாச் சொல்லும் வருதே. பிலார் அம்மாகிட்ட நீயே உக்காந்து, கைய புடிச்சிக்கினு, எங்கம்மாவுக்காவ போறேன்னு சொல்லு. சொல்லாம பெட்டியத் தூக்காத, அவங்கள புரட்டறதுக்கு ஆளு வந்தப்புறம் கெளம்பு. உங்க ரெண்டு பேருல மொதல்ல எனக்கு வலிக்குதுன்னு கண்டுபுடிச்சது அவங்கதான், அவங்களுக்கு துரோகம் பண்ணக் கூடாது. வேலை போவும். தெரிஞ்சுதான் சொல்றேன். அது உனக்கு பெரிய நஷ்டம், நான் செத்ததுக்கு அப்புறமும் நீ அத நெனச்சு என்ன திட்டுவ. திட்டிக்கோ. உங்கப்பாவும் திட்டுவாரு, நான் பாத்துக்கறேன். நல்ல அம்மான்னா வராதன்னுதான் சொல்லுவா. நல்ல அம்மாவா இருக்கிறதுக்கு எனக்கு இப்ப தெம்பு இல்ல.

நீ கேட்ட கேள்விக்கு பதில் இது. நான் இத்தன நாள் அந்த பாஷையில மட்டும்தான் உண்மைய சொன்னேன். இப்ப தமிழ்ல சொல்றேன், நீ நடிப்புன்னு நெனச்சுக்காத. எனக்கு ரொம்ப வலிக்குது. பயமா இருக்குது. நீ எடுத்து வெக்கச் சொன்ன பேரு இங்க அப்பிடியே கெடக்குது, அத ஆருக்கும் குடுக்கல. அந்தக் கைய கொண்டாந்து அன்னிக்கு வெச்ச எடத்துல திரும்ப வை.

வா, வெண்ணிலா.

உன் அம்மா